பொருள்: தரம்பார்த்தலில் ‘ஈக்விவலன்ஸ் பாயின்ட்’ – தமிழில் என்ன? (அவசரம்)

வணக்கம். கல்லூரி வேதியியல் செய்முறைக் கையேடு ஒன்றை மொழிபெயர்க்கிறேன். நாளை இரவு அச்சுக்குப் போகிறது. தரம்பார்த்தலில் (டைட்ரேஷன்: செறிவு தெரிந்த கரைசலைச் சொட்டுச் சொட்டாக விட்டு மற்றதன் செறிவைக் கண்டறிவது) நிறங்காட்டி நிறம் மாறும் இடத்துக்கு ‘முடிவுப்புள்ளி’ என்று எழுதிவிட்டேன். அமிலமும் காரமும் ஒன்றுக்கொன்று மீதமில்லாமல் தீர்ந்துபோகும் இடத்துக்கு என்ன சொல்? இவ்விரண்டும் வேறு என்பதுதான் பாடமே. ஒரே சொல்லைப் போட்டுத் தப்பிக்க முடியாது.

*

நடுநிலைப் புள்ளி. இதற்கு ஏன் அவசரக் கூட்டம்? வள்ளுவர் நடுவு நிலைமைக்குத் தனி அதிகாரமே வைத்து, ‘சமன்செய்து சீர்தூக்குங் கோல்போல்’ என்கிறார். கோலின் நா எப்பக்கமும் சாயாத கணம்தானே நீங்கள் கேட்பது? ‘தரம்பார்த்தல்’ என்ற சொல்லையும் தூக்கிவிட்டுச் ‘சீர்தூக்கல்’ என்று வைக்கலாம். ‘தூக்கு’ தொல்காப்பியர் சொன்ன செய்யுளுறுப்பும் கூட. அதைப் பற்றி விரிவாகப் பிறகு.

*

> நடுநிலைப் புள்ளி. இதற்கு ஏன் அவசரக் கூட்டம்?

ஐயா, குறளுக்கு என் கும்பிடு. வகுப்பில் இது கேடு செய்யும். 0.1 மோலார் அசிட்டிக் அமிலத்தை அதே செறிவுள்ள சோடியம் ஹைட்ராக்சைடால் தரம்பார்த்தால், அந்தப் புள்ளியில் பிஹெச் (அமில-கார அளவு; 7 என்றால் நடுநிலை) 8.7. அம்மோனியாவை ஹைட்ரோகுளோரிக் அமிலத்தால் பார்த்தால் 5.3. வலிமிகு அமிலமும் வலிமிகு காரமும் சேரும்போதுதான் 7. பெயரிலேயே ‘நடுநிலை’ இருந்தால் மாணவர் 7ஐத் தேடித்தான் போவார், நிறங்காட்டியையும் அதற்கேற்பவே எடுப்பார்.

அசிட்டிக் அமிலத்தில் மெத்தில் ஆரஞ்சை விட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். அதன் நிறமாற்றம் 3.1க்கும் 4.4க்கும் இடையில். 25 மி.லி. காரம் தேவைப்படும் இடத்தில் ஏழரையிலேயே (பொருத்தமான எண்தான்!) கரைசல் மஞ்சளாகிவிடும். அதுவும் சட்டென்று மாறாது; சிவப்பு முதல் சில துளிகளிலிருந்தே வெளுத்துக்கொண்டே வரும், எங்கே நிறுத்துவது என்று தெரியாது. பினாப்தலீன் 8.2க்கு மேல்தான் விழித்துக்கொள்ளும். காரம் விட விட பிஹெச் ஏறுவதைக் காட்டும் வளைகோடு செங்குத்தாக ஏறும் இடமும் அதுவே என்பதால் ஒரு துளியில் இளஞ்சிவப்பு வந்துவிடும். அம்மோனியாவுக்கு மெத்தில் சிவப்பு.

‘சமநிலைப் புள்ளி’ என்றும் யாரும் ஆரம்பிக்க வேண்டாம். சமநிலையை மீள்வினைகளின் ‘ஈக்விலிப்ரியம்’ என்பதற்குக் கொடுத்து வெகுகாலமாகிறது.

*

இலங்கைப் பாடநூல்களில் இது சமவலுப் புள்ளி. தரம்பார்த்தல் அங்கே நியமிப்பு; நிறங்காட்டி வெறும் காட்டி; பியூரெட் அளவி. இருக்கும் சொல்லை எடுத்துக்கொண்டால் வேலை முடிந்தது.

*

அழகான சொல். ஆனால் தமிழக மாணவருக்கு வலு என்றால் வலிமை. வலிமை குறைந்த அமிலத்தையும் வலிமிகு காரத்தையும் ஒரே குடுவையில் ஊற்றிவிட்டு ‘சமவலு’ என்றால், இரண்டும் எப்போது சமபலம் ஆயின என்று கேட்பான். பதில் சொல்லவே ஒரு வகுப்பு போய்விடும்.

*

சமவலு, சமானம் எல்லாமே வடமொழிக் கலப்பு. நடுநிலை வேண்டாமென்றால் ஈடுபுள்ளி. படு, பாடு ஆனதுபோல் இடு, ஈடு ஆயிற்று. முதனிலை திரிந்த தொழிற்பெயர். இட்டதற்கு ஈடு! அமிலத்துக்குக் காரம் ஈடாகும் இடம். இதைவிடத் துல்லியம் வேண்டுமா?

*

துல்லியம்தான். ஆனால் கேட்டவுடன் அடகுக்கடை நினைவுக்கு வருகிறதே. கடனுக்கு ஜாமீன் போடும் பெரிய புள்ளி போலவும் இருக்கிறது. அது போகட்டும், ‘சமன்செய்து’ என்று வள்ளுவரே எழுதியதை முதல் மடலில் நீங்கள்தான் எடுத்துக்காட்டினீர்கள். அங்கே உறுத்தாத சமன் இங்கே ஏன் உறுத்துகிறது?

*

அனைவருக்கும் நன்றி. ‘சமான எடை’ என்று படித்தவர்களுக்குச் சட்டென்று பிடிபடும் என்பதால் ‘சமானப் புள்ளி’ என்று எழுதுகிறேன். முதல் இடத்தில் மட்டும் ‘சமவலுப் புள்ளி என்றும் வழங்கும்’ என ஒரு வரி சேர்க்கிறேன். தனிமடலில் மூவர் ‘ஏதோ ஒன்று, முடித்துவிடுங்கள்’ என்று எழுதியிருந்தார்கள். அதையும் ஆதரவாகவே எடுத்துக்கொள்கிறேன்.

*

என் மறுப்பைப் பதிவு செய்துகொள்ளுங்கள். ஈடுதான் சரி. இத்தனை பேரும் ‘தரம்பார்த்தல்’ என்று தாராளமாக எழுதினீர்களே, ‘தரம்’ தமிழா என்று ஒருவராவது கேட்டீர்களா? நாளை எழுதுகிறேன்.