புதுப்பிப்பு: வேம்பு ஐந்தரை தொன் காட்டிய கணக்கு சரியாகிவிட்டது

போன வாரம் இங்கே கேட்டிருந்தேன்: திருகோணமலையில் எங்கள் தெருமுனையில் நிற்கும் வேம்பு, வெறும் 10 மீற்றர் உயரம், அதன் உயிர்த்திணிவு (மரத்தின் உலர்ந்த எடை) எப்படி 5,580 கிலோ வரும் என்று. உயரம், விட்டம், மர அடர்த்தி மூன்றையும் ஒரு சமன்பாட்டில் போட்டுத்தான் அதைக் கணித்தேன். பதில் தந்த எல்லோருக்கும் நன்றி.

மர அடர்த்தியைச் சந்தேகித்தவர்கள்தான் அதிகம். அதை கன சென்ரிமீற்றருக்கு 0.69 கிராமிலிருந்து கொஞ்சம் குறைத்துப் பார்த்தேன், பெரிய மாற்றமில்லை. "நாடாவைப் பாருங்கோ" என்று ஒற்றை வரி எழுதிய அண்ணாதான் சரி. நான் தையல் நாடாவால் நெஞ்சுயரத்தில், அதாவது 1.3 மீற்றரில், சுற்றிப் பிடித்த 126 சென்ரிமீற்றர் என்பது சுற்றளவு. அதை அப்படியே விட்டத்துக்கான கட்டத்தில் போட்டிருக்கிறேன்! 3.14 ஆல் வகுத்தால் விட்டம் 40.1 தான். சமன்பாட்டில் விட்டம் வர்க்கமாவதால் பிழை ஒன்பது மடங்குக்கு மேல் ஊதிவிட்டது.

நான் பயன்படுத்தியது வெப்பவலய மரங்களுக்கு ஷாவே என்ற ஆய்வாளரின் குழு 2014 இல் வெளியிட்ட சமன்பாடு. அதில் இப்போது நிலத்துக்கு மேலான உயிர்த்திணிவு 597 கிலோ. தெருவில் தனித்து நிற்கும் மரம் என்பதால் 0.8 ஆல் பெருக்கச் சொன்னார் இன்னொருவர், 478. அதில் 0.47 பங்கு கார்பன், ஏறத்தாழ 225 கிலோ. காட்டு மரங்களுக்கு அந்த 0.8 வேண்டாம்.

எதிர்பாராத சிக்கல் காட்டில் அளந்த ஒரு பாலை மரத்தில் வந்தது. இடுப்பளவிலேயே, நெஞ்சுயரத்துக்குக் கீழேயே, மூன்று தண்டுகளாகப் பிரிந்த மரம். தண்டுகளின் விட்டங்களை அப்படியே கூட்டக்கூடாது, ஒவ்வொன்றையும் வர்க்கித்து, கூட்டி, வர்க்கமூலம் எடுக்க வேண்டும். அப்புறம்தான் சமன்பாடு.