சீரத்தில் கே-12 கூடச் சாகவில்லையே, எங்கே தவறு?

வணக்கம். சீரம் கொல்லும் சோதனை (இரத்தச் சீரம் பாக்டீரியாவைக் கொல்கிறதா என்று பார்ப்பது) செய்து பழகியவர்கள் உதவுங்கள்.

உணர்திறன் கட்டுப்பாடாக, அதாவது சீரத்தில் கட்டாயம் சாக வேண்டிய கிருமியாக, வைத்தது ஈ.கோலை கே-12 என்ற ஆய்வக பாக்டீரியா வகை. அதற்கு ஓ-ஆன்டிஜென் சங்கிலி (வெளிச்சவ்விலிருந்து நீளும் சர்க்கரைச் சங்கிலி) இல்லை, அதனால் சீரத்தில் உள்ள, கிருமிகளைத் தாக்கும் காம்ப்ளிமென்ட் புரதங்கள் வெளிச்சவ்வில் நேராகத் துளை போட்டுவிடும். நீளமான ஓ-சங்கிலி உள்ள கிருமிகளில் அந்தத் துளைக்கூட்டு சவ்வுக்கு எட்டாத தூரத்திலேயே உருவாகி வீணாகிறது. ஆகவே கே-12 சாகாவிட்டால் மற்ற எந்த முடிவையும் நம்ப முடியாது.

வளர்ச்சிக் கட்டத்தின் நடுவில் எடுத்த செல்கள், மில்லிக்குச் சுமார் 10 லட்சம், 50% சீரம், 37 டிகிரி. 0, 30, 60, 120 நிமிடங்களில் நீர்த்துத் தட்டில் பரப்பினோம். ஒப்பீட்டுக்கு 56 டிகிரியில் 30 நிமிடம் சூடாக்கி காம்ப்ளிமென்டைச் செயலிழக்கச் செய்த சீரம். சூடாக்காத சீரத்தின் 60 நிமிடத் தட்டு ஏறக்குறைய வெறுமையாக இருக்க வேண்டியது. இரண்டிலும் ஒரே அளவு காலனிகள், ஒரே பளபளப்பு!

சந்தேகம் சீரத்தின் மேல்தான். -20 டிகிரியில் கிடந்தது, இருமுறை உருகி உறைந்தது. காம்ப்ளிமென்ட் அதைத் தாங்காது. ஈடிடிஏ குழாய் இல்லை (அது கால்சியம், மெக்னீசியத்தைப் பிடித்துவைத்துக் காம்ப்ளிமென்டை முடக்கும்), சாதாரணக் குழாய்தான். ஆனால் நீர்க்கப் பயன்படுத்திய பாஸ்பேட் கரைசலில் அந்த இரண்டு உப்பும் கிடையாது.

சோதனைக்கு முன் சீரத்தின் காம்ப்ளிமென்ட் வலுவை ஆட்டுச் சிவப்பணு உடைப்பு முறையில் அளக்கிறீர்களா? -80ல் சிறு குப்பிகளாகப் பிரித்து வைத்தால் எத்தனை மாதம் நிற்கிறது? கரைசலை மட்டும் மாற்றிச் சரியானவர்கள் உண்டா?