ரோடியர் மில்லும் நம் முதலியார்பேட்டையும்

வாட்ஸ்அப் குழு: முதலியார்பேட்டை குடும்பம்
ஜூலை 30

கார்த்தி: கடலூர் சாலையில் செங்கொடி ஊர்வலம் போகிறது. பைக்கை ஓரம் கட்டிவிட்டு நிற்கிறேன். இன்றைக்கு என்ன பெரியப்பா?

பெரியப்பா: தியாகிகள் தினம் தம்பி. 1936-ல் இதே நாளில், வேலைநிறுத்தம் செய்த பஞ்சாலைத் தொழிலாளர்களைப் பிரெஞ்சு போலீஸ் சுட்டது. 12 பேர் செத்தார்கள். அடுத்த வருஷம்தான் புதுச்சேரியில் எட்டு மணி நேர வேலை சட்டமானது. தொழிற்சங்கத் தலைவர் வ. சுப்பையா முன்னால் நின்று நடத்திய போராட்டம்.

கார்த்தி: பள்ளியில் பாரதியார் இருந்த வீடு, ஆனந்தரங்கப் பிள்ளை மாளிகை எல்லாம் கூட்டிப்போனார்கள். இதை யாரும் சொல்லவே இல்லையே.

பெரியப்பா: ஊர் பார்க்க வருகிறவர்களும் கடற்கரையையும் வெள்ளைக்காரத் தெருக்களையும் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். 1898-ல் இங்கே ரோடியர் மில் என்கிற பஞ்சாலை வந்தது. பின்னால் ஏஎஃப்டி (ஆங்கிலோ பிரெஞ்சு டெக்ஸ்டைல்ஸ்) என்று பெயர் மாறியும் நமக்கு அது ரோடியர்தான். இந்தப் பேட்டையில் பாதிக் குடும்பம் அதில்தான் சோறு தின்றது.

செல்வி அத்தை: அப்பா அங்கே தறி ஓட்டினார். இரண்டாவது ஷிப்ட் முடிந்து நடுராத்திரி வருவார். புருவத்திலும் காது மடலிலும் பஞ்சு ஒட்டியிருக்கும். அம்மா திண்ணையிலேயே உட்காரவைத்து முந்தானையால் தட்டிவிட்டுத்தான் உள்ளே விடுவாள். தறிச் சத்தத்தில் அவருக்குக் காது மந்தம். வீட்டில் எல்லோரும் கத்தித்தான் பேசுவோம். கார்த்தி, உன் அப்பா போனில் கத்துவது அந்தப் பழக்கம்தான்.

மாலா சித்தி: மில்காரர் வீடு என்றால் மளிகைக் கடையில் நோட்டுப் போட்டுக் கடன் கொடுப்பார்கள். இப்போது அந்தக் கடை இடத்தில் தங்கும் விடுதி. சனி ஞாயிறு வந்தால் வெளியூர்க் கார்கள் நம் வாசலை அடைத்துக்கொண்டு நிற்கின்றன.

பெரியப்பா: 2011 டிசம்பரில் தானே புயல் கூரையைப் பிய்த்துப் போட்டது. அப்புறம் மில் எழுந்திருக்கவே இல்லை. 2020-ல் மொத்தமாக மூடிவிட்டார்கள்.

முருகன் மாமா: சரி மச்சான், பழையதைப் பேசி என்ன ஆகப்போகிறது? அந்த இடத்தில் வேலை கொடுக்கிற மாதிரி ஏதாவது வரட்டும். நம் பிள்ளைகள் எல்லாம் சென்னைக்கும் ஓசூருக்கும் போய்க் கிடக்கிறார்கள்.

பெரியப்பா: வேலை வரட்டும் மாப்பிள்ளை. நானும் அதைத்தான் கேட்கிறேன். ஆனால் மொத்தத்தையும் தரைமட்டமாக்கி மனை போட வேண்டாம். வைசியாள் வீதியில் திண்ணை வைத்த தமிழ் வீடுகளைச் சீர்செய்ததற்கு 2008-ல் யுனெஸ்கோ விருது கிடைத்தது. செட்டியார் வீட்டுத் தூணைக் காப்பாற்றத் தெரிந்த ஊருக்கு, ஒரு தறிக் கொட்டகையைக் காப்பாற்ற முடியாதா? நாலு தறியை ஓட்டிக் காட்டட்டும், அந்த 12 பேர் பெயரைச் சுவரில் எழுதட்டும். அதற்கும் ஆள் வேண்டும், அதுவும் வேலைதானே.

முருகன் மாமா: அப்படியென்றால் சரி. மனுக் கொடுப்பதாக இருந்தால் என் கையெழுத்தும் உண்டு.

கார்த்தி: தாத்தாவின் மில் அடையாள அட்டை இருக்கிறதா அத்தை?

செல்வி அத்தை: பீரோவில் இருக்கிறது. இரண்டு போனஸ் சீட்டும் இருக்கிறது.

கார்த்தி: ஞாயிற்றுக்கிழமை வந்து படம் எடுத்துக்கொள்கிறேன். பக்கத்துத் தெருவில் மில்லில் வேலை பார்த்தவர்கள் இன்னும் இருக்கிறார்களா?

செல்வி அத்தை: பிள்ளையார் கோயிலை ஒட்டி மூன்று வீடு. ஒருவருக்கு எண்பதைத் தாண்டிவிட்டது, ஆனால் நன்றாகப் பேசுவார். காலையிலேயே வா, பத்து மணிக்கு மேல் அவர் தூங்கிவிடுவார்.