இருபது நிமிஷச் சிரிப்பு நாடகம்: நம்ம பக்கத்து மேடையில் எது எடுபடும், எங்கே சறுக்கும்?

(திருநெல்வேலிப் பக்கத்து ஐந்து ஊர்க்காரர்கள் ஒருவர் பின் ஒருவராகச் சொல்வது.)

பாளையங்கோட்டையிலிருந்து

கோயில் திருவிழாவான கொடையோ, பங்குத் திருவிழாவோ, கல்லூரி ஆண்டு விழாவோ, நம்ம பக்கம் ஒரு நாடகத்துக்குக் கிடைப்பது 20 நிமிஷம், மிஞ்சினால் 30. அதற்குள் அடங்கும் சிரிப்பு நாடகம் எது என்று யார் கேட்டாலும் முதலில் சொல்ல வேண்டியது ரஷ்ய எழுத்தாளர் ஆன்டன் செகாவ் (1860–1904) எழுதிய பெண் கேட்கும் நாடகம் (ஆங்கிலத்தில் 'தி ப்ரொபோசல்'). ஆட்கள் மூன்றே பேர்: அப்பா, மகள், பெண் கேட்டு வரும் பக்கத்து நிலக்காரன். ஒரே அறை. ஒரு மேசை, மூன்று நாற்காலி, ஒரு செம்பு தண்ணீர் போதும்.

கதை திருநெல்வேலிக்கென்றே எழுதினது மாதிரி இருக்கும். பெண் கேட்க வந்தவன், வந்த விஷயத்தை வாய் திறப்பதற்குள் ஒரு துண்டு நிலத்தைப் பற்றிச் சண்டை மூளுகிறது. மூலத்தில் அது 5 தெசியாத்தினா (பழைய ரஷ்ய நில அளவு) புல்வெளி, மதிப்பு 300 ரூபிள். அதைக் குளத்துக்குக் கீழே 5 மரக்கால் விதைப்பாடு (விதை அளவை வைத்து நிலத்தைச் சொல்லும் கணக்கு) என்று மாற்றினால் ஒருத்தருக்கும் விளக்கவே வேண்டாம். 'எங்க அத்தையோட பாட்டி, செங்கல் அறுத்துத் தாங்கன்னு சொல்லி உங்க அப்பாவோட தாத்தா ஆளுகளுக்குச் சும்மா விட்ட இடம்' என்கிற நியாயம் மூலத்திலேயே இருக்கிறது. அதைத் தொடவே வேண்டாம், நம்ம ஊர்ப் பேச்சுதான்.

இரண்டாவது சண்டை வேட்டை நாயைப் பற்றி. இவன் நாய் 125 ரூபிள், அவர்கள் நாய் 85 ரூபிள், அதிலும் அதற்குக் கீழ்த்தாடை கட்டை. சிப்பிப்பாறை, கன்னி என்று வேட்டை நாய் இனங்கள் இருக்கிற சீமையில் இதற்கு மேல் என்ன வேண்டும்? விலையை 25,000, 17,000 என்று போட்டால் மூலத்தில் இருக்கும் ஏற்றத்தாழ்வு அப்படியே வரும். நாயை மட்டும் மேடையில் ஏற்றாதீர்கள். நாய் வந்துவிட்டால் அப்புறம் மனுஷனை யாரும் பார்க்க மாட்டார்கள்.

சறுக்குகிற இடம் ஒன்றுதான், அதில் பத்துக்கு ஏழு குழு விழுந்துவிடுகிறது. முதல் சண்டையிலேயே தொண்டை கிழியக் கத்திவிடுவார்கள். பிறகு நாய்ச் சண்டைக்கு ஏற குரலே மிச்சம் இருக்காது, கூட்டத்துக்கும் காது சலித்துப் போகும். நிலச் சண்டையை நான்கு படியாகப் பிரியுங்கள். முதல் படியில் இருவரும் உட்கார்ந்தபடி, 'அப்படியா, எங்களுதுன்னுல்லா நெனச்சிருந்தேன்' என்கிற மரியாதை. இரண்டாவதில் ஒருவர் மட்டும் எழுந்திருக்கணும். மூன்றாவதில் இருவரும் நிற்கணும், ஆனால் குரல் ஏறக்கூடாது, வேகம்தான் ஏறணும். அப்பா உள்ளே வந்த பிறகுதான் நான்காவது படி, சத்தம். நாய்ச் சண்டை நேரே மூன்றாவது படியில் தொடங்கலாம்.

பெண் கேட்கத்தான் வந்தான் என்று, அவனைத் துரத்தின பிறகு மகளுக்குத் தெரிகிற இடம் நாடகத்தின் உச்சி. அப்பா அதைச் சொன்னதும் மகள் உடனே அலறக்கூடாது. முழுசாக இரண்டு விநாடி சும்மா நிற்கணும். கூட்டம் அவளுக்கு முன்னாலேயே புரிந்துகொண்டு சிரிக்க ஆரம்பிக்கும். அந்தச் சிரிப்பின் மேலே ஏறித்தான் 'கூப்பிடுங்க அவர!' வரணும்.

மாப்பிள்ளைக்கு நெஞ்சுப் படபடப்பு, கால் மரத்துப் போவது எல்லாம் உண்டு. இதை ஆரம்பத்திலிருந்தே கோமாளித்தனமாகச் செய்தால் கடைசியில் அவன் மயங்கி விழும்போது யாரும் திடுக்கிட மாட்டார்கள். திடுக்கிடாத கூட்டம் சிரிக்காது. அவனுக்கு உண்மையிலேயே உடம்பு சரியில்லை என்று நினைத்து நடிக்கிறவரைத் தேடுங்கள்.

அம்பாசமுத்திரத்திலிருந்து

அண்ணாச்சி சொன்னதோடு அதே செகாவின் இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ளலாம். 1888-ல் மேடையேறிய 'கரடி'. இதிலும் மூன்றே பேர். கணவன் இறந்து ஏழு மாதமாக வீட்டை விட்டு வெளியே வராத பெண், கணவன் குதிரைத் தீவனத்துக்கு வைத்த 1,200 ரூபிள் பாக்கியை வசூலிக்க வந்தவன், ஒரு கிழ வேலைக்காரர். சண்டை முற்றித் துப்பாக்கியை எடுக்கிறார்கள். துப்பாக்கியை எப்படிப் பிடிப்பது என்று அவளே அவனிடம் கேட்க, அவன் சொல்லிக்கொடுக்கும்போதே மனசு மாறிப் போகிறது.

நம்ம பக்கத்துக்கு மாற்றுகிறவர்கள் துப்பாக்கிக்குப் பதில் அரிவாளைக் கையில் கொடுத்துவிடுகிறார்கள். தயவுசெய்து வேண்டாம். கூட்டத்தில் எந்த வீட்டில் என்ன துக்கம் இருக்கிறது என்று நமக்குத் தெரியாது. அரிவாளைக் கண்டதும் நம்ம ஊர்க் கூட்டம் இறுகிவிடும், அதற்கு மேல் சிரிப்பு வராது. சிலம்பக் கம்பு சரியாகப் பொருந்தும். கம்பைப் பிடிக்கச் சொல்லிக்கொடுப்பதென்றால் கைமேல் கை வைத்துத்தான் ஆகணும், அதனால் மூலத்தில் நடக்கிற மனமாற்றம் இங்கே இன்னும் இயல்பாக நடக்கும். நெற்றி உயரக் கம்பு 15 அடி மேடையில் தொங்கு மைக்கைத் தட்டும். மார்பளவுக் கம்பு போதும். சுற்றவும் வேண்டாம், பிடித்து நின்றால் போதும்.

குதிரையைக் காளையாக்கலாம். இறந்தவர் ஆசையாக வளர்த்த காளைக்கு இன்று ஒரு படி பருத்திக்கொட்டை கூடப் போடச் சொல்லி அந்த அம்மா தொடக்கத்தில் கண் கலங்குவாள். 'இன்னைக்கு அதுக்குப் பருத்திக்கொட்டையே வைக்காதே' என்பது கடைசி வரி. முதல் வரி கூட்டத்துக்குக் கேட்கவில்லையென்றால் கடைசி வரி செத்தது. நாடகம் தொடங்கின முதல் ஒரு நிமிஷம் பிள்ளைகள் சத்தத்திலும் நாற்காலி இழுக்கும் சத்தத்திலும் போய்விடும். அதனால் காளை விஷயத்தை இரண்டாவது நிமிஷத்துக்குத் தள்ளி, வேலைக்காரர் வாயால் இன்னொரு தடவையும் சொல்ல வையுங்கள்.

சங்கரன்கோவிலிலிருந்து

மொழிபெயர்த்த நாடகத்தை வாசித்தால் சிரிப்பு வருகிறது, நடித்தால் வருவதில்லை என்று பலர் சொல்வதுண்டு. காரணம் வாக்கியத்தின் வாலில் இருக்கிறது. தமிழில் வினைச்சொல் கடைசியில் வந்து நிற்கும். சிரிக்க வைக்கிற சொல் நடுவில் மாட்டிக்கொள்ளும். 'நான் நாய்க்கு அல்வா வாங்கிட்டு வந்தேன்' என்றால் கூட்டம் 'நாய்' என்பதில் சிரிக்கத் தொடங்கும், நடிகர் 'வாங்கிட்டு வந்தேன்' என்று இழுத்து அதன் மேலேயே மண்ணைப் போடுவார். 'நான் அல்வா வாங்கிட்டு வந்தது நாய்க்கு' என்று திருப்புங்கள். பேச்சுத் தமிழ் இதற்கு நன்றாக வளைந்து கொடுக்கும். பிரதி கையில் வந்ததும் முதல் வேலை, சிரிப்பு வரவேண்டிய ஒவ்வொரு வாக்கியத்தையும் பென்சிலால் கோடு போட்டு, கடைசிச் சொல் எதுவென்று பார்ப்பது. 20 நிமிஷ நாடகத்தில் அப்படி 40 இடமாவது தேறும்.

சொல்லி முடித்த பிறகு கை, கால், துண்டு எதுவும் அசையக்கூடாது. அசைந்தால் கண் அங்கே போகும், சிரிப்பு பாதியில் அறுந்துவிடும். சிரிப்பு ஏறி, உச்சிக்குப் போய், இறங்கத் தொடங்கும்போது அடுத்த வரியைப் பிடிக்கணும். முழுசாக அடங்கும் வரை காத்திருந்தால் நாடகம் தொய்ந்துவிடும்.

பிரதியில் இல்லாத கைச்சரக்கைச் சேர்ப்பது பெரிய வியாதி. முதல் நாள் ஒரு இடத்தில் கூட்டம் சிரித்தது என்று அதே வரியை இரண்டு தடவை சொல்லுவார்கள், மூன்றாவது மேடையில் நாடகம் 35 நிமிஷமாகிவிடும். வீட்டில் வாசித்து 18 நிமிஷம் வருகிற பிரதி, சிரிப்போடு சேர்ந்து மேடையில் 23 நிமிஷம் ஆகும். அதற்கு மேல் போனால் யாரோ கைச்சரக்கு விற்கிறார் என்று அர்த்தம்.

வள்ளியூரிலிருந்து

ஒன்றே ஒன்று. பாத்திரங்களுக்குச் சாதி தெரிகிற பெயர் வேண்டாம், ஒரு சமுதாயத்தார் பேச்சு என்று அடையாளம் தெரிகிற இழுப்பும் வேண்டாம். நிலச் சண்டை நாடகமென்றால் அந்த ஊரில் உண்மையிலேயே வழக்கில் கிடக்கிற குளத்தின் பெயரோ வயலின் பெயரோ வாயில் வந்துவிடக்கூடாது. ஆடுவதற்கு முன் உள்ளூர்ப் பெரியவர் ஒருவரிடம் பிரதியில் உள்ள ஊர்ப் பெயர், ஆள் பெயர் எல்லாவற்றையும் வாசித்துக் காட்டிவிடுங்கள். பத்து நிமிஷ வேலை. நிறமும் உடற்குறையும் காட்டிச் சிரிக்க வைப்பது இன்னமும் நடக்கிறது, அதை அடியோடு விட்டுவிடணும்.

தென்காசியிலிருந்து

நடிப்பைப் பற்றி நிறையச் சொல்லியாயிற்று. காதில் விழாவிட்டால் அதெல்லாம் எதற்கு? நம்ம ஊர் விழாக்களில் சிரிப்பு நாடகத்தைக் கொல்லுவது தெருவில் கட்டின குழாய் ஸ்பீக்கர்தான். சத்தம் ஒரு விநாடிக்கு ஏறக்குறைய 340 மீட்டர்தான் போகும். 100 மீட்டர் தள்ளிக் கட்டின குழாயிலிருந்து வரும் சொல், மேடைச் சத்தத்துக்கு 0.3 விநாடி பிந்தி வந்து விழும். பாட்டுக்கு அது பரவாயில்லை. வேகமான சண்டைப் பேச்சில் ஒரு வரியின் வால் அடுத்த வரியின் தலையில் ஏறிக்கொள்ளும், ஒன்றும் விளங்காது. ரேடியோ செட்காரரிடம் முன்கூட்டியே பேசி, நாடக நேரத்துக்கு மட்டும் தெருக் குழாய்களை நிறுத்தி, மேடைக்கு இரண்டு பக்கமும் இருக்கிற பெட்டி ஸ்பீக்கர்களை மட்டும் பாடவிடச் சொல்லுங்கள். எக்கோவையும் அடியோடு குறைக்கச் சொல்லணும். வில்லுப்பாட்டுக்கு வைத்த எக்கோவை அப்படியே விட்டுவிடுவது வழக்கமாக நடக்கும் தவறு.

மூன்று பேர் நாடகத்துக்குச் சட்டை மைக் மூன்று இருந்தால் நல்லது. நெஞ்சின் நடுவில், தாடைக்கு ஒரு சாண் கீழே குத்தணும். மாப்பிள்ளை நெஞ்சைப் பிடிக்கிற நாடகத்தில் அவருக்கு மட்டும் காலர் ஓரத்தில் வையுங்கள், இல்லாவிட்டால் ஒவ்வொரு படபடப்புக்கும் டமடமவென்று கேட்கும். புது பேட்டரி போட்டுத்தான் ஏறணும். சட்டை மைக் இல்லையென்றால் முன் ஓரத்தில் ஐந்தடி இடைவெளியில் இரண்டு ஸ்டாண்டு மைக் வைத்து, முக்கியமான வரிகள் எல்லாம் அதற்கு முன்னால் வரும்படி நடையை அமைக்கணும். ஆனி, ஆடிச் சாரல் காற்றில் மைக்குக்குப் பஞ்சு உறை கட்டாயம் வேண்டும். இல்லையென்றால் குற்றாலம் அருவியே மேடையில் விழுவது போல இருக்கும்.

நேரமும் முக்கியம். இரவு 10 மணிக்கு மேல் ஒலிபெருக்கிக்குத் தடை இருக்கிறது, விழாவுக்கென்று தளர்வு வாங்கியிருந்தால் ஒழிய. எட்டு, எட்டரைக்கு ஏறுவது நல்லது. கொடையில் மகுடம் என்கிற பறையை அடித்துச் சாமி வரத் தொடங்கின பிறகு சிரிப்பு நாடகம் கேட்கக்கூடாது, கேட்டாலும் ஒத்துக்கொள்ளக்கூடாது.

மறுபடி பாளையங்கோட்டையிலிருந்து

செகாவ் மட்டும்தானா என்று கேட்பவர்களுக்கு: பம்மல் சம்பந்த முதலியாரின் 'சபாபதி' இருக்கிறது. எசமானுக்கும் வேலைக்காரனுக்கும் ஒரே பெயர், சொன்ன சொல்லை வேலைக்காரன் அப்படியே எடுத்துக்கொள்வான். 1941-ல் படமாக வந்ததைப் பார்த்தவர்கள் அந்த நடிகர்களையே நகலெடுக்கப் பார்ப்பார்கள், அதுதான் தொல்லை. வேலைக்காரன் முட்டாளாக நடிக்கக்கூடாது. எசமான் சொன்னதை ஒரு எழுத்து பிசகாமல் செய்துவிட்டேன் என்ற திருப்தி அவன் முகத்தில் இருக்கணும். சம்பந்த முதலியார் 1964-ல் காலமானார். ஆசிரியர் இறந்த ஆண்டு முடிந்து 60 வருஷம் என்பது சட்டம், அதனால் 2025 முதல் உரிமைச் சிக்கல் இல்லை. செகாவின் மூலத்துக்கும் இல்லை. ஆனால் தமிழில் பெயர்த்தவருக்குத் தனி உரிமை உண்டு, அவரிடம் கேட்டுத்தான் ஆடணும்.

நாடக ஆசிரியர் சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922) பிறந்த காட்டுநாயக்கன்பட்டி, 1986-ல் தூத்துக்குடி மாவட்டம் பிரிகிற வரை நம்ம ஜில்லாதான். அந்த மரபில் வளர்ந்த ஸ்பெஷல் நாடகம் என்கிற இசை நாடகத்தின் பபூன் (கோமாளி) காட்சியை இளைஞர்கள் முன் வரிசையில் உட்கார்ந்து பார்க்கணும். ஆர்மோனியக்காரர் ஒரு கேள்வி போட, பபூன் பதில் சொல்ல, மிருதங்கம் எப்போது தட்டுகிறது என்று கவனியுங்கள். சிரிப்புச் சொல் விழுந்த பிறகுதான் தட்டு விழும், ஒருபோதும் அதன் மேலே விழாது.

அம்பாசமுத்திரத்திலிருந்து

சாமான் விஷயம் விட்டுப் போச்சு. மேடையில் அல்வா தின்கிற காட்சி நம்ம ஊரில் எல்லாரும் வைப்பார்கள். உண்மையான அல்வா மேல் அண்ணத்தில் ஒட்டிக்கொண்டு அடுத்த நாலு வரியை விழுங்கிவிடும், கை நெய்யாகிச் செம்பு வழுக்கும். இலையில் அல்வா பொட்டலத்தை மடித்துக் காட்டி, வாயில் போடுவதற்குக் கனிந்த வாழைப்பழத் துண்டு வையுங்கள். கண்ணாடி டம்ளர் வேண்டாம், எவர்சில்வர் போதும். விழுந்தாலும் சத்தம் சிரிப்புக்கு உதவும்.

நாலடி உயர மேடையில் தரையில் விழுந்தால் கீழே ஜமுக்காளத்தில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளுக்குத் தெரியவே தெரியாது. நார்க்கட்டிலின் மேல் விழ வையுங்கள். ஒன்றரை அடி உயரம் கிடைக்கும், எல்லாக் கண்ணுக்கும் படும், முழங்கையும் தப்பும். பெஞ்சைச் சேர்த்துப் போட்ட மேடையென்றால் கட்டிலின் நாலு காலும் எந்தப் பலகையில் நிற்கிறது என்று பார்த்துச் சுண்ணாம்பால் குறி வைத்துவிடுங்கள்.

படுதா இழுக்கிறவருக்குக் கடைசி வசனத்தைச் சொல்லிக் கொடுத்துவிட்டு நம்பி இருக்காதீர்கள். நாடகம் நன்றாக ஓடினால் அந்த வசனம் சிரிப்பில் அமுங்கி அவர் காதில் விழாது. அப்பா செம்பை மேசையில் வைத்ததும் இழு, அந்த அம்மா கம்பைக் கீழே போட்டதும் இழு என்று கண்ணுக்குத் தெரிகிற ஒரு காரியத்தைச் சொல்லி, கடைசி இரண்டு ஒத்திகைக்கும் அவரைக் கயிற்றோடு நிற்க வையுங்கள்.