ஒரு ஸ்பீக்கருக்கு ரெண்டு ஆம்ப்: 60ம் 100ம் சேந்தா 160 ஆகுமுங்களா?

தறிக்குடோன்:
வணக்கமுங்க. பல்லடம் பக்கம் தோட்டத்துச் சாளைல இருக்கறோம், பக்கத்துல தறி ஓடறதால ஞாயித்துக்கெழமை தறி நின்னாத்தான் நிம்மதியா பாட்டு கேக்க முடியும். ஸ்பீக்கர் 8 ஓம், 87 டிபி, பின்னாடி நாலு டெர்மினல் இருக்குது. பழைய இன்டகிரேட்டட் ஆம்ப் (வால்யூம் பாகமும் பவர் பாகமும் ஒரே பொட்டில) 60 வாட், போன மாசம் செகண்ட்ஹேண்ட்ல ஒரு 100 வாட் பவர் ஆம்ப் வாங்கினேன். பழசோட பிரீ அவுட்ல (வால்யூமுக்குப் பொறவு, பவர் பாகத்துக்கு முன்னாடி சிக்னல் வெளிய வர்ற எடம்) இருந்து ஒயர் இழுத்து பவர் ஆம்ப்புக்குக் குடுத்து, அத ஊஃபருக்கும் (பேஸுக்கான கோன்) பழச ட்வீட்டருக்கும் (கீச்சுச் சத்தத்துக்கானது) மாட்டினேன். அடேங்கப்பா, பேஸ் நெஞ்சுல குத்துதுங்க! இப்ப 160 வாட்னு கணக்கு வெச்சுக்கலாமா? வூட்டுக்காரி மட்டும் பாடறவரு கெணத்துக்குள்ள நின்னு பாடறாப்ல இருக்குதுங்கறா. அது எதுக்குங்க?

ஈயம்உருக்கி:
மொதல்ல இதச் சொல்லுங்க, டெர்மினலுக்கு நடுவால இருக்கற பித்தளைத் தகட எடுத்தீங்களா? சிவப்புப் பக்கம் மட்டுமில்ல, கறுப்புப் பக்கமும். தகடு இருந்துச்சுன்னா ரெண்டு ஆம்போட அவுட்புட்டும் ஒண்ணோட ஒண்ணு முட்டும். நான் சிவப்ப எடுத்துட்டு கறுப்பு கிரவுண்டுதானேன்னு உட்டுட்டேன், ஒரு ஆம்ப் கிளாஸ் டி போர்டு, அதுல கறுப்பு டெர்மினல் கிரவுண்டு கிடையாது. சுவிட்ச் போட்டதும் டப்புனு ஒரு சத்தம், பொறவு கருகின வாசம்தான்.

தறிக்குடோன்:
ரெண்டுமே எடுத்துட்டனுங்க.

ஓமலூர்ஓம்:
160 ஆவாதுங்க. தகட எடுத்தாலும் ஸ்பீக்கருக்குள்ள இருக்கற கிராஸ்ஓவர் (பேஸ ஊஃபருக்கும் கீச்ச ட்வீட்டருக்கும் பிரிச்சு உடற சர்க்யூட்) அப்படியேதான் இருக்குது, அதனால ரெண்டு ஆம்பும் முழுப் பாட்டையும்தான் பெருக்குது. ட்வீட்டர் பக்கம் கரண்ட் கம்மியா இழுக்கும், அவ்வளவுதான், வோல்டேஜ் அதே வோல்டேஜ். 60 வாட்டுன்னா 8 ஓம்ல பீக் சுமார் 31 வோல்ட், 100 வாட்டுன்னா 40. பேஸ் அடிக்கறப்ப அந்த 31அ தாண்டுச்சுன்னா பழசு கிளிப் ஆகும் (சிக்னலோட உச்சி வெட்டுப்பட்டுப் போகும்), அது ட்வீட்டர மட்டும் ஓட்டினாலும் சரி.

கெணத்து விசயம் வேற. உங்க ரெண்டு ஆம்போட கெயின் (எத்தன மடங்கு பெருக்குதுங்கறது) ஒண்ணா இருக்காதுன்னு நெனைக்கிறேன், பேஸ் பக்கம் ஜாஸ்தியா வந்தா கொரலு அமுங்கிப் போகும், வூட்டுல அம்மிணி சொல்றதுதான் சரி. பாத்துருங்க: ஸ்பீக்கர் ஒயர் எல்லாத்தையும் கழட்டிட்டு, போன்ல 50 ஹெர்ட்ஸ் டோன் போட்டு, மல்டிமீட்டர ஏசில வெச்சு, பழசோட ஸ்பீக்கர் டெர்மினல்ல 2 வோல்ட் வர்ற வரைக்கும் வால்யூம ஏத்துங்க. அப்பறமேலு வால்யூமத் தொடாம பவர் ஆம்ப்ல அளந்து பாருங்க. 50 ஹெர்ட்ஸ் எதுக்குன்னா வெல கம்மியான மீட்டரெல்லாம் வூட்டுக்கு வர்ற 50 ஹெர்ட்ஸ் மெயின்ஸ் கரண்டோட வோல்டேஜ அளக்கத்தான் செஞ்சது, 1000 ஹெர்ட்ஸ்ல பொய் சொல்லும். வோல்டேஜ் ரெட்டிப்பா இருந்தா 6 டிபி வித்தியாசம்.

மைக்செட்கோபி:
நாங்க மாரியம்மன் நோம்பிக்கு செட்டு போடறப்ப பேஸ் பாக்ஸுக்கு ஒரு ஆம்ப், டாப்புக்கு ஒரு ஆம்ப்தான். ஆனா ஆம்ப்புக்கு முன்னாடியே கிராஸ்ஓவர் இருக்கும், 24 டிபி லிங்க்விட்ஸ் ரைலிங்கற செங்குத்தா வெட்டற ஃபில்டர், அதனால பேஸ் ஆம்ப்புக்கு பேஸ் மட்டுந்தான் போகும். அப்படிப் பிரிச்சாத்தான் ரெண்டு ஆம்ப் வெச்சதுக்குப் பலன். வூட்டு ஸ்பீக்கர்ல அதப் பண்ணணும்னா உள்ள இருக்கற கிராஸ்ஓவரக் கழட்டணும், ட்வீட்டருக்கு சீரிஸ்ல ஒரு கப்பாசிட்டரும் போடணும், இல்லீன்னா சுவிட்ச் போடற டொம்முலயே போயிரும். நல்ல ஸ்பீக்கரப் போய் அறுக்க வேண்டாமுங்.
இன்னொண்ணு, ரெண்டு ஆம்பையும் ஒரே பிளக்குல ஒட்டுக்கா குடுங்க. சாளைல மோட்டாருக்கு மூணு ஃபேஸ் வந்திருக்கும், ஆளுக்கொரு ரூம்ல இருந்து கரண்டு இழுத்தா ஒம்ம்முனு ஹம் வரும். சுவிட்ச் போடறப்ப பவர் ஆம்ப் கடைசி, அமத்தறப்ப அதுதான் மொதல்ல.

தறிக்குடோன்:
அளந்துட்டனுங்க. பழசு 2.0, பவர் ஆம்ப் 3.1!

ஓமலூர்ஓம்:
கிட்டத்தட்ட 4 டிபி. நீங்க கேட்ட பேஸு அதுதானுங்க, 100 வாட்டு இல்ல. பவர் ஆம்ப் இன்புட்ல ஒரு 10கே (10,000 ஓம்) ஸ்டீரியோ பாட், அதாவது வால்யூம் திருகு, போட்டு அதையும் 2.0க்கு எறக்குங்க. பொறவு தகட மாட்டி பவர் ஆம்ப்ப மட்டும் முழு ஸ்பீக்கருக்கும் குடுத்து ஒருக்கா கேளுங்க. மாத்தறப்ப ஆம்ப் ரெண்டையும் அமத்திட்டு, பழசோட ஸ்பீக்கர் ஒயரக் கழட்டுன பொறவுதான் தகட மாட்டோணும்.

தறிக்குடோன்:
நேத்து ஞாயித்துக்கெழமை தறி நின்னதுக்கப்பறம் உக்காந்தனுங்க. பாட் போட்டு சமம் பண்ணுனதும் நெஞ்சுல குத்தறது போச்சு, கொரலு கெணத்துல இருந்து மேல வந்துருச்சு. அப்பறம் தகட மாட்டி பவர் ஆம்ப் மட்டும் ஓட்டினேன், என்ற காதுக்கு ரெண்டுக்கும் வித்தியாசம் தெரியலீங்க, பையனுக்குத் திரும்பி உக்காந்துக்கச் சொல்லி மாத்தி மாத்திப் போட்டேன், அவனுக்கும் தெரியல. இப்ப தகடு மாட்டினபடியே இருக்குது, பழசு பிரீ வேலைக்கு மட்டும். வூட்டுக்காரிகிட்ட மீட்டர் கணக்க இன்னும் சொல்லலீங்க.