போல் டான்ஸ் ஸ்டுடியோவுக்குக் கம்பி எப்படிப் பொருத்துவது?

மீனா: வேளச்சேரியில் முதல் மாடியில் ஓர் இடம் பார்த்திருக்கிறேன், போல் டான்ஸ் (தரைக்கும் கூரைக்கும் நடுவே நிற்கிற கம்பியில் ஏறிச் சுழன்று ஆடுவது) வகுப்புக்கு ஆறு கம்பி போடணும். மேலே ஃபால்ஸ் சீலிங் இருக்கிறது. கம்பியின் விட்டம் 45 மி.மீ.யா, 50ஆ? குரோம் பூசியதா, பித்தளையா?

ரவி: ஃபால்ஸ் சீலிங்கை நம்பாதீங்க மேடம். ஜிப்சம் பலகை தாங்காது, அதைப் பிரித்துவிட்டு மேலே இருக்கிற கான்கிரீட்டிலோ பீமிலோதான் ஆங்கர் போல்ட் அடித்துப் பொருத்த வேண்டும். ஆள் சுழலும்போது கம்பி பக்கவாட்டிலும் இழுபடும். ஒரு ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியரைக் கூட்டிவந்து காட்டிவிட்டு அப்புறம் அட்வான்ஸ் கொடுங்க.

கவிதா: 45 எடுங்க, போட்டிகளிலும் அதுதான், சின்னக் கைக்கும் பிடி கிடைக்கும். நம்ம ஊர்ப் புழுக்கத்தில் உள்ளங்கை வியர்த்தால் குரோம் வழுக்கிவிடும், பித்தளை நன்றாகப் பிடிக்கும், விலைதான் கூடுதல். நிலையாகவும் சுழலவும் மாற்றிக்கொள்கிற மாதிரிக் கம்பியாக வாங்குங்க. கம்பிக்குக் கம்பி மூன்று மீட்டராவது விடணும், காலை நீட்டிச் சுற்றினால் பக்கத்து ஆள் மேல் படக் கூடாது இல்லையா, அதனால் ஆறுக்கு இடம் பத்துமா என்று முதலில் டேப் வைத்து அளந்து பாருங்க. தலைகீழ் பயிற்சி தொடங்கும் முன் கனமான கிராஷ் மேட் (விழுந்தால் அடிபடாமல் தாங்கும் மெத்தை) கட்டாயம், யோகா மேட் போதாது.

செல்வி: மாணவிகளிடம் வகுப்பு நாளில் உடம்புக்கு எண்ணெய், லோஷன் வேண்டாம் என்று முதலிலேயே சொல்லிவிடுங்க. ஒவ்வொருவர் ஏறி இறங்கியதும் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்ட துணியால் கம்பியைத் துடைக்கணும்.