60,000 ரூபாயில் தம்பிக்கு கேமிங் கம்ப்யூட்டர்: கடையில் சொல்லும் ஐ7 வாங்கலாமா?

அரவேணு அக்கா:

எல்லோருக்கும் வணக்கம். கோத்தகிரி பக்கம் அரவேணுவில் இருக்கிறோம். தம்பி பாலிடெக்னிக் இரண்டாம் வருடம் படிக்கிறான். பத்தாவது முடித்ததிலிருந்து கம்ப்யூட்டர் கேட்கிறான். தேயிலைப் பணத்தில் அம்மா கொடுத்தது, என் தையல் காசு எல்லாம் சேர்த்து 60,000 ரூபாய் வைத்திருக்கிறேன். யுபிஎஸ்ஸும் இதற்குள் அடங்க வேண்டும். மானிட்டர் இருக்கிறது, 22 இன்ச், 1080பி. வாலரன்ட், ஜிடிஏ 5 விளையாட வேண்டும், அப்புறம் 3டி படம் செய்கிற பிளெண்டர் மென்பொருளைக் கற்றுக்கொள்ள வேண்டும் என்கிறான்.

போன வாரம் ஒரு கடையில் விசாரித்தேன். ஐ7 பிராசசர், 16 ஜிபி ராம், 4 ஜிபி கிராபிக்ஸ் கார்டு, 500 ஜிபி எஸ்எஸ்டி, கண்ணாடிக் கதவு வைத்த கேபினட், அதில் கலர் விளக்கு எரிகிற நான்கு ஃபேன். எல்லாம் சேர்த்து 34,000 என்றார். நல்ல விலையாகத்தான் தெரிந்தது. ஆனால் தம்பி சீட்டைப் பார்த்ததுமே வேண்டாம் என்றுவிட்டான். இதற்கு இப்போதைய ஐ3 எவ்வளவோ மேல் என்கிறான். ஐ7-ஐ விட ஐ3 எப்படி மேலாகும்? இரண்டு நாளாக இருவரும் சரியாகப் பேசிக்கொள்ளவில்லை.

சீட்டில் எழுதியிருப்பது: ஐ7 3770, எச்61 மதர்போர்டு, ஜிடி 730 கிராபிக்ஸ் கார்டு 4 ஜிபி, 450 வாட் எஸ்எம்பிஎஸ். எஸ்எம்பிஎஸ் (உள்ளே எல்லாவற்றுக்கும் கரண்ட் கொடுக்கிற பெட்டி) என்ன கம்பெனி என்று எழுதவில்லை.

இன்னொரு கவலையும் இருக்கிறது. எங்களுடையது தகரக் கூரை வீடு. ஐப்பசி, கார்த்திகையில் துவைத்த துணி மூன்று நாளானாலும் காயாது. காற்றடித்தால் சில்வர் ஓக் கிளை ஒயர் மேல் விழுந்து கரண்ட் போய்விடும். திரும்ப வரும்போது பல்பு ஒரு தடவை பளீரென்று எரிந்துதான் அடங்கும். இப்படிப்பட்ட வீட்டில் இவ்வளவு காசைப் போட்டு வைக்கலாமா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

சிறுவாணித் தண்ணி:

அக்கா, தம்பி சொன்னது சரி. ஐ7 என்ற பெயரை மட்டும் பார்க்கக் கூடாது, அதற்குப் பின்னால் வரும் எண்ணைப் பாருங்கள். 3770 என்றால் மூன்றாம் தலைமுறை, 2012-இல் வந்தது. ஐ3 12100எஃப் பன்னிரண்டாம் தலைமுறை, 2022-இல் வந்தது. இரண்டிலும் நான்கு கோர், எட்டு திரெட்தான். ஆனால் நடுவில் பத்து வருடம் ஓடிவிட்டது. ஐ3 தாராளமாக முந்தும்.

எச்61 போர்டில் பழைய டிடிஆர்3 ராம்தான் போகும். விண்டோஸ் 10-க்கான சப்போர்ட் 2025 அக்டோபரில் முடிந்தது. விண்டோஸ் 11-ஐ இன்டெல்லில் எட்டாம் தலைமுறையிலிருந்துதான் முறைப்படி போட முடியும். விண்டோஸ் 11-இல் வாலரன்ட் ஓட டிபிஎம் 2.0, செக்யூர் பூட் என்ற இரண்டு பாதுகாப்பு வசதிகளும் வேண்டும். ஜிடி 730 வந்தது 2014-இல். 4 ஜிபி என்று பெரிதாக எழுதியிருந்தாலும் புது கேமுக்குத் தாங்காது.

என் யோசனை: ரைசன் 5 5600ஜி பிராசசர் வாங்குங்கள். கிராபிக்ஸ் அதிலேயே இருக்கிறது, வாலரன்ட் ஓடும். கார்டை தீபாவளிக்குப் பார்த்துக்கொள்ளலாம்.

குன்னூர் சர்வீஸ்:

தங்கச்சி, முதலில் தம்பியோடு பேசிவிடுங்கள். பையன் விஷயம் தெரிந்துதான் சொல்லியிருக்கிறான்.

நான் குன்னூரில் 17 வருடமாக போர்டு சர்வீஸ் பார்க்கிறேன். நீங்கள் கடைசியாக எழுதியிருக்கிற கவலையைத்தான் நான் முதலில் எடுப்பேன். மலையில் கம்ப்யூட்டரைக் கெடுப்பது கரண்டும் ஈரமும்தான். என் மேஜைக்கு வருகிற பெட்டிகளில் பிராசசர் போனதை விரல் விட்டு எண்ணிவிடலாம். எஸ்எம்பிஎஸ் போய், கூடவே போர்டையும் இழுத்துக்கொண்டு போனவைதான் அதிகம்.

போன ஐப்பசியில் ஒரு பையன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தான். கரண்ட் போய் வந்ததும் டப்பென்று ஒரு சத்தம், அதோடு சரி என்றான். எஸ்எம்பிஎஸ்ஸைக் கழற்றிக் கையில் வாங்கினேன், வெறும் டப்பா போல எடையே இல்லை. மூடியைத் திறந்தால், மின்சாரம் நுழையும் இடத்தில் வடிகட்டும் கம்பிச் சுருள் (காயில்) இருக்க வேண்டிய இடம் காலி. இரண்டு துண்டுக் கம்பியை வைத்துப் பற்றவைத்திருந்தார்கள். வெளியே 450 வாட் என்று ஸ்டிக்கர். அதே ஸ்டிக்கரின் கீழே பொடி எழுத்தில் 12 வோல்ட்டுக்கு 14 ஆம்பியர் என்று போட்டிருந்தது. பெருக்கினால் 168 வாட். பிராசசரும் கிராபிக்ஸ் கார்டும் குடிப்பது அந்த 12 வோல்ட்டைத்தான். நிஜமான 450 வாட் என்றால் அந்த இடத்தில் 36, 37 ஆம்பியர் இருக்கும். அந்தப் பையனுக்கு போர்டும் எஸ்எஸ்டியும் சேர்ந்தே போயின. எஸ்எஸ்டியில் இருந்த அவன் அக்கா கல்யாண போட்டோக்களை எவ்வளவோ முயன்றும் என்னால் எடுத்துக் கொடுக்க முடியவில்லை. அது இன்னும் மனதை உறுத்துகிறது.

அதனால்தான் சொல்கிறேன், பட்ஜெட் போடும்போது எஸ்எம்பிஎஸ், யுபிஎஸ் இரண்டையும் முதலில் எழுதி வைத்துவிட்டு மிச்சக் காசில் மற்றதைப் பாருங்கள். எஸ்எம்பிஎஸ் 80 பிளஸ் பிரான்ஸ் (மின்சாரத்தை அதிகம் வீணாக்காது என்பதற்கான தரச் சான்று) 550 வாட், பெயர் தெரிந்த கம்பெனி, பில்லோடு. கடையில் ஸ்டிக்கரைப் பார்த்து அந்த 12 வோல்ட் ஆம்பியரை நீங்களே படியுங்கள்.

யுபிஎஸ்ஸில் எல்லோரும் செய்கிற தவறு 600 விஏ வாங்குவது. 600 விஏ என்றால் பெரும்பாலும் 360 வாட்தான். ஆபீஸ் கம்ப்யூட்டருக்கு அது போதும். கேம் ஓடும்போது கார்டும் பிராசசரும் மானிட்டரும் சேர்ந்து 300 வாட்டைத் தாண்டலாம். பேட்டரி ஒரு வருடம் பழசானால், கரண்ட் போன அந்த நொடியே யுபிஎஸ்ஸும் கூடவே அணைந்துவிடும். 1000 விஏ, 600 வாட் பாருங்கள். லைன் இன்டராக்டிவ் வகை என்றால் வோல்டேஜ் கூடக் குறைய வருவதையும் அதுவே சரிசெய்யும், தனி ஸ்டெபிலைசர் தேவையில்லை. ஆனால் கரண்ட் போனபிறகும் விளையாடிக்கொண்டே இருக்கலாம் என்று தம்பி நினைக்க வேண்டாம். சேவ் செய்து நிறுத்துவதற்குத்தான் அந்த சில நிமிடம்.

எர்த்தைக் கட்டாயம் பார்க்க வேண்டும். நம் பக்கம் பாறை மண், பழைய வீடுகளில் எர்த் கம்பி பேருக்குத்தான் இறங்கியிருக்கும். கேபினட்டைத் தொட்டால் விரலில் சுர்ரென்று ஏறுகிறதா, அது எர்த் இல்லாத வீடு.

இடி இடித்தால் பிளக்கைப் பிடுங்குங்கள், லேன் கேபிளையும் பிடுங்குங்கள். இன்டர்நெட் வருகிற ஃபைபர் கண்ணாடி இழை, அதன் வழியாக இடி வராது. ஆனால் மோடத்தின் அடாப்டர் வழியாக ஏறி லேன் கேபிளில் போர்டுக்குப் போய்விடும். கோத்தகிரிக்கு வடகிழக்கு மழைதான் பெரிய மழை. அந்த இரண்டு மாதம் சோம்பல் படாமல் இதைச் செய்யச் சொல்லுங்கள்.

இப்போது ஈரம். கண்ணாடி போட்டவர் பனியிலிருந்து அடுப்படிக்குள் நுழைந்தால் கண்ணாடி மங்குகிறதே, கம்ப்யூட்டருக்கு நடப்பதும் அதுதான். குளிர்ந்த இரும்பின் மேல் வெதுவெதுப்பான ஈரக்காற்று பட்டால் நீர் கோத்துக்கொள்ளும். அதனால் சமையல் அறைச் சுவர் ஓரம் வேண்டாம், மழை அடிக்கிற வெளிச்சுவர் ஓரமும் வேண்டாம், தரையிலும் வேண்டாம். நிறுத்திய சூட்டோடு பிளாஸ்டிக் கவர் போட்டு மூடாதீர்கள். தினமும் ஓடுகிற பெட்டி தன் சூட்டிலேயே காய்ந்துகொள்ளும். மாதக்கணக்கில் சும்மா கிடந்த பெட்டியில்தான் பின்களில் பச்சை பூத்திருப்பதைப் பார்த்திருக்கிறேன்.

குளிரால் ஒரு லாபமும் இருக்கிறது. நம் உயரத்தில் காற்று கொஞ்சம் லேசு, கடல் மட்டத்தில் இருப்பதில் ஐந்தில் நான்கு பங்குதான் அடர்த்தி. ஃபேன் அதே வேகத்தில் சுற்றினாலும் சூட்டை இழுப்பது கொஞ்சம் குறையும். ஆனால் அறையே 16, 18 டிகிரியில் இருப்பதால் கணக்கு நமக்குச் சாதகம்தான். பிராசசரோடு வரும் கூலரே போதும். கலர் ஃபேன் காசை எஸ்எம்பிஎஸ்ஸில் போடுங்கள்.

பிராசசர் விஷயத்தில் சிறுவாணித் தண்ணி சொன்னதில் எனக்குக் கொஞ்சம் மாற்றுக் கருத்து. 5600ஜி நல்லதுதான், ஆனால் கார்டு எப்படியும் வாங்கப் போகிறீர்கள். அப்படியானால் ஜி இல்லாத 5600 வாங்குங்கள். 5600ஜி-யில் கேஷ் (பிராசசருக்குள்ளேயே இருக்கிற வேகமான மெமரி) பாதிதான், கார்டு போடும் ஸ்லாட்டும் பழைய பிசிஐ 3.0 வேகத்தில்தான் ஓடும். ஏஎம்5 என்கிற புது போர்டு வகைக்குப் போனால் டிடிஆர்5 ராம்தான் போட வேண்டும். ராம் கம்பெனிகள் ஏஐ சர்வர் பக்கம் திரும்பியதிலிருந்து ராம் விலை எங்கேயோ போய்விட்டது. 5600 போகிற ஏஎம்4 வகை, டிடிஆர்4 என்றால் பழைய ராமாவது கைக்குக் கிடைக்கும். 8 ஜிபி இரண்டாக வாங்குங்கள், 16 ஜிபி ஒன்றாக வேண்டாம். இரண்டு பாதையில் ஓடினால்தான் முழு வேகம். போர்டு பி550 கிடைத்தால் நல்லது. பி450 என்றால் பயாஸ் (போர்டுக்குள் இருக்கிற அடிப்படை மென்பொருள்) அப்டேட் செய்துதான் தர வேண்டும் என்று கடையிலேயே சொல்லிவிடுங்கள்.

அரவேணு அக்கா:

அண்ணா, கூப்பிட்டு உட்கார வைத்துச் சொன்ன மாதிரி இருந்தது. ரொம்ப நன்றி. தம்பியோடு சேர்ந்துதான் படித்தேன். கிராபிக்ஸ் கார்டு புதிது வாங்கினால் 60,000-க்குள் வராது போலிருக்கிறது. செகண்ட் ஹேண்ட் வாங்கலாமா? ஆர்எக்ஸ் 6600-ஆ, ஆர்டிஎக்ஸ் 3060-ஆ என்று கேட்கிறான்.

மலைப்பூண்டு:

நான் கொடைக்கானலில் கல்யாண வீடியோ எடிட் செய்கிறேன். இந்தக் கேள்விக்கு நான் காசு கொடுத்துப் பாடம் படித்திருக்கிறேன்.

விளையாட மட்டும் என்றால் ஆர்எக்ஸ் 6600, 132 வாட்தான் குடிக்கும். பிளெண்டர் என்றால் ஆர்டிஎக்ஸ் 3060 12 ஜிபி. பிளெண்டரில் படத்தை உருவாக்கித் தருகிற சைக்கிள்ஸ் ரெண்டர், 3060 போன்ற என்விடியா கார்டில்தான் நன்றாக ஓடுகிறது, 12 ஜிபி மெமரி பெரிய சீனுக்கு உதவும். பையன் நிஜமாகவே பிளெண்டர் கற்கப் போகிறான் என்றால் 3060-தான் என் ஓட்டு.

நான் முதலில் வாங்கிய பழைய கார்டை திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டில் வைத்துக் கைமாற்றினேன். பார்க்கப் புதிது மாதிரி பளபளவென்று இருந்தது. வீட்டுக்கு வந்து போட்டால் பத்து நிமிடம் நன்றாக ஓடியது. அப்புறம் திரை முழுக்க பச்சையும் ஊதாவுமாகக் கட்டம் கட்டமாக வந்தது. விற்றவர் போனை எடுக்கவில்லை. 14,000 ரூபாய், ஒரு முகூர்த்த மாதம் முழுக்க ராத்திரி உட்கார்ந்து சம்பாதித்தது.

அதனால் கார்டை விற்பவர் வீட்டில், அவர் பெட்டியில் போட்டு, அரை மணி நேரம் முழு லோடில் ஓடுவதை நேரில் பாருங்கள். வெப்பம் எங்கே போய் நிற்கிறது என்று பாருங்கள். ஃபேனை விரலால் மெதுவாகத் தள்ளினால் தடையில்லாமல் சுற்ற வேண்டும், ஆட்டம் இருக்கக் கூடாது. பின்பக்கத் தகட்டில் துரு இருந்தால் கடலோர ஊரில் கிடந்த கார்டாக இருக்கும், விட்டுவிடுங்கள். ஹீட் சிங்க் ஓரத்தில் எண்ணெய்க் கசிவு இருந்தால் ரொம்ப நாள் சூட்டில் ஓடியது. கிராபிக்ஸ் கார்டுகளை ராப்பகலாக ஓட்டி எத்தீரியம் என்ற டிஜிட்டல் காசு எடுக்கிற மைனிங் 2022 செப்டம்பரில் நின்றபிறகு அந்தக் கார்டுகள் நிறைய வெளியே வந்தன. மைனிங் செய்தது எல்லாமே மோசம் என்று சொல்ல மாட்டேன், ஆனால் விலையில் அது தெரிய வேண்டும். பில்லும் சீரியல் நம்பரும் ஒத்துப்போக வேண்டும்.

அரவேணு அக்கா:

எல்லாம் வாங்கிவிட்டோம். 5600, பி550 போர்டு, 8 ஜிபி இரண்டு, 500 ஜிபி என்விஎம்இ எஸ்எஸ்டி, பிரான்ஸ் 550 வாட் எஸ்எம்பிஎஸ். கோவையில் ஒருவர் வீட்டில் 3060 ஓட வைத்துப் பார்த்தே வாங்கினோம், முக்கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தோம். யுபிஎஸ்ஸோடு 61,300. கடையில் அசெம்பிள் செய்து தருகிறார்கள். நாளை பஸ்ஸில் கொண்டு வருகிறோம். வேறு ஏதாவது கவனிக்க வேண்டுமா அண்ணா?

குன்னூர் சர்வீஸ்:

கிராபிக்ஸ் கார்டைக் கழற்றி அதன் பெட்டியில் தனியாக வாங்கிக்கொள்ளுங்கள். கார்டைப் போட்டபடியே கொண்டை ஊசி வளைவுகளில் குலுங்கி வந்தால் ஸ்லாட் அந்த எடையைத் தாங்காது. பஸ் டிக்கியில் போடாமல் தம்பி மடியிலேயே வைத்துக்கொள்ளட்டும். வீட்டுக்கு வந்ததும் அட்டைப் பெட்டியைத் திறக்காமல் இரண்டு மணி நேரம் அறையிலேயே வைத்திருங்கள்.

மானிட்டர் கேபிளை கார்டில்தான் சொருக வேண்டும், போர்டில் சொருகினால் படம் வராது. பயாஸில் எக்ஸ்எம்பி-யை (ராமை அதன் முழு வேகத்தில் ஓட வைக்கிற அமைப்பு) ஆன் செய்யச் சொல்லுங்கள், இல்லையென்றால் 3200 ராம் பெரும்பாலும் அதைவிடக் குறைந்த வேகத்தில்தான் ஓடும்.

ஞாயிற்றுக்கிழமை கோத்தகிரியில் எனக்கு ஒரு வேலை இருக்கிறது. மல்டிமீட்டரை எடுத்து வருகிறேன். எர்த் பார்க்கும் வரை யுபிஎஸ்ஸை சார்ஜில் மட்டும் போட்டு வையுங்கள், பெட்டியை ஆன் செய்ய வேண்டாம். தம்பிக்கு ஒரு நாள் பொறுக்க முடியாது என்று தெரியும், இருந்தாலும் சொல்லி வையுங்கள்.